வெயில் வரும் பக்கம்

காலையிலிருந்து சின்னவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு டிரைவரம்மா பொம்மை வரைந்து தர வேண்டும். உயரம் நாற்பத்தெட்டுக் கட்டம்தான். ஒவ்வொரு கட்டமாக நிறம் வைத்தே ஆளைக் கொண்டுவர வேண்டும். மாதிரிக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, அவள் அண்ணியே பஸ் டிரைவர். ஆனாலும் படம் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

விளையாட்டைத் தயாரிக்கிறவருக்குச் சின்னவள் வைத்த பெயர் கட்டெறும்பு. கடைசியாகக் கடித்தது இப்படி: “சுத்தி கறுப்புக் கோடு, உள்ள பஞ்சு. இது ஆளா, தலையணையா? அஞ்சு மணிக்குள்ள சரிபண்ணலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

கோட்டை மெலிதாக்கினாள். ஓரத்தை இன்னும் இருட்டாக்கினாள். அழித்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். குடித்ததை மறந்து மறுபடியும் குடித்தாள்.

மூன்றரைக்கு அண்ணி வேலை முடிந்து வந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

“யாருடி இது?”

“நீங்கதான் அண்ணி.”

“நானா? உப்பிப்போன பன்னு மாதிரில்ல இருக்கேன்!”

சின்னவளுக்கு அழுகை முட்டியது. அண்ணி சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். வலது கை தனியாகக் கறுத்திருந்தது.

“ஜன்னல் பக்கம் பன்னெண்டு வருஷமா வறுபடுது. உன் பொம்மைக்கு வெயில் எந்தப் பக்கம்?”

எந்தப் பக்கமும் இல்லை. ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் வெளுப்பு; அப்படித்தான் வைத்திருந்தாள்.

அண்ணியை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். வலது நெற்றி, கன்னம், தோளில் வெளிச்சம். மூக்குக்கு இடப்புறமும் தாடைக்குக் கீழேயும் நிழல். கறுப்புக் கோட்டை எடுத்துவிட்டு, சட்டையோரம் கருநீலமும் தோலோரம் அடர்பழுப்பும் வைத்தாள். வெயில் படுகிற இடங்களில் கோடே வைக்கவில்லை. வலது கைக்கு மட்டும் ஒரு பங்கு கூடுதல் கறுப்பு.

“அசையாதீங்க அண்ணி!”

“பசிக்குதுடி. சாப்பிட்டுட்டு வந்து அசையாம இருக்கேன்.”

நாலு ஐம்பதுக்கு அனுப்பினாள். நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது: “இப்பதான் ஆள். நாளைக்குள்ள வலப்பக்கமும் இடப்பக்கமும் நடக்கற மாதிரி வரைஞ்சு அனுப்புங்க.”

அப்பாடா என்றது மனம், அரை நிமிடம். இடப்பக்கம் நடக்கவிட, அதே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாகத் திருப்பினாள். கறுத்த கை இடது கையாகிவிட்டது. வெயிலும் கட்சி மாறிவிட்டது.

அண்ணி தட்டோடு வந்து நின்று பார்த்தாள். “திரும்பி நின்னா கை மாறிடுமா? தெரிஞ்சிருந்தா எப்பவோ திரும்பியிருப்பேனே!”

சின்னவளுக்குச் சிரிக்க நேரமில்லை. இடப்பக்கத்து ஆளை முதல் கட்டத்திலிருந்து வரைய ஆரம்பித்தாள்.