சாம்பல் தளத்தில் நாலரை டன் ஆட்கள்

எங்கள் ஊருக்கு மேற்கே சிமெண்ட் ஆலை. காற்றடித்தால் அதன் தூசி சோற்றில் வந்து விழும். ஆனால் ஒரு மூட்டை சிமெண்ட் வேண்டுமென்றால் தாலுகா ஆபீசில் பர்மிட்டுக்குத் தவம் கிடக்க வேண்டும். 1981-இல் பால் சொசைட்டிக் கட்டடத்துக்குக் கேட்டதில் முக்கால் பங்குதான் கிடைத்தது.

மிச்சத்துக்கு நெய்வேலி நிலக்கரிச் சாம்பலைக் கலக்கலாம் என்றார் இன்ஜினியர் பாலசுந்தரம். கொத்தனார் மதுரைவீரன் அப்படியே கலந்து தளம் போட்டார். காலனியிலிருந்து கொத்துக்கரண்டி பிடித்த முதல் ஆள் அவர். தளம் தேறாவிட்டால் இடித்துவிடுவார்கள். அவரும் அப்பாவைப் போலப் பண்ணை வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"அடுப்புச் சாம்பலத் தலைக்கு மேல வெப்பாங்களா?" என்று குதித்தார் சொசைட்டித் தலைவர் உத்திராபதி.

"அப்ப பாரம் ஏத்திப் பாத்துருவோம்" என்றார் இன்ஜினியர்.

நாலரை டன் பாரம் ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும். மணல் மூட்டை கட்டலாமென்றால் கோணி இல்லை. சிமெண்டே வராத ஊரில் கோணி ஏது? ஆட்களையே ஏற்றுவது என்று முடிவாயிற்று. கட்டடம் இல்லாவிட்டால் பால் வண்டி வராது என்பதால் பயந்துகொண்டே எல்லா ஆண்களும் வந்தார்கள். சொசைட்டி எழுத்தரான நான் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்து, அவரவர் உள்ளங்கையில் எடையை எழுதினேன். உத்திராபதி, மரியாதையையும் சேர்த்து, எண்பத்தொன்பது கிலோ.

ஏறியதும் மேலத்தெருக்காரர்கள் கிழக்கே உட்கார்ந்தார்கள், காலனிக்காரர்கள் மேற்கே. இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாரம் சீரா இருக்கணுங்க! குண்டு ஒண்ணு, ஒல்லி ஒண்ணுன்னு மாத்தி மாத்தி உக்காருங்க!"

காலனியில் குண்டு ஆள் கிடையாது. மேலத்தெருவில் ஒல்லி கிடையாது.

"அதெப்படி சார்?" என்று உத்திராபதி எழுந்தார்.

"நீங்க எந்திரிச்சா கணக்கே போச்சு. உக்காருங்க!"

உட்கார்ந்தார். பக்கத்தில் மதுரைவீரனின் அப்பா அரியமுத்து, நாற்பத்தொரு கிலோ. முப்பது வருஷமாக உத்திராபதியின் களத்தில் நின்றே பழகியவர்.

தளத்துக்கு அடியில் மதுரைவீரனும் நானும். தளம் எவ்வளவு தொய்கிறது என்று காட்ட, கடிகாரம் மாதிரி ஒரு கருவி. அதன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் தளம் தோற்றது. மேலே எவராவது இருமினாலே மதுரைவீரன் குலசாமியைக் கூப்பிட்டார்.

உச்சிவெயிலில் ஒரு குடம், ஒரே ஒரு சொம்பு மேலே போயிற்று. இரண்டாவது சொம்புக்கு இன்ஜினியர் சம்மதிக்கவில்லை, எடை கூடிவிடுமாம். உத்திராபதி மூன்று மணிவரை வீறாப்பாக இருந்தார். பிறகு அரியமுத்து குடித்து வைத்த சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார்.

ஐந்து மணி. முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. மதுரைவீரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலிருந்து பேச்சு கேட்டது.

"அரியமுத்து, இடுப்பு புடிச்சுக்கிச்சு. ஒன் முதுவுல கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்."

"சாயுங்க. நானும் சாஞ்சுக்குவேன், பரவால்லீங்களா?"

மேலே ஒருவர் நகர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது. அப்புறம், "சாஞ்சுக்க" என்றார் உத்திராபதி.

வாசலிலிருந்து இன்ஜினியர் கேட்டார்: "மதுரைவீரா, முள்ளு எப்படி? எறக்கிறலாமா?"

மதுரைவீரன் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"முள்ளு நல்லாத்தான் நிக்குது சார். இருந்தாலும், இன்னும் ஒரு மணி நேரம் உக்காந்திருக்கட்டுங்க."