கப்பல்காரனுக்குச் சொல்லாத சேதி

சிங்கப்பூரில் என் வசதிக்குக் கிடைத்தது இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. ஒரே அறையில் பன்னிரண்டு பேர். அறுபத்துமூன்று வயதில் ஏணி பிடித்து ஏறிப் படுக்க விடுதிக்காரர்கள் கேட்ட வாடகையைச் சொன்னால் எங்கள் திரேஸ்புரத்தில் சிரிப்பார்கள். முதல் நாள் ஒரு டீ வாங்கி ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், டீ தொண்டையில் இறங்கவில்லை. அதோடு கணக்குப் போடுவதை விட்டுவிட்டேன்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் மகன் வளனிடம் அவன் அம்மா செத்துப்போனதைச் சொல்ல வந்தேன்.

மரியசெல்வி போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். வளன் கப்பலில் ஃபிட்டர். பிரேசிலில் சரக்கு ஏற்றிப் புறப்பட்டு அன்றைக்கு நாலாவது நாள். எங்கள் பக்கத்தில் கடலில் இருப்பவனுக்குச் சாவுச் சேதி சொல்ல மாட்டோம். இறங்கி வரவும் முடியாமல், கட்டிப்பிடித்து அழவும் ஆளில்லாமல் அங்கே கிடந்து என்ன செய்வான்? கரைக்கு வந்த பிறகுதான் சொல்வது. அதனால் மகள் சுஜிதாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: பேனர் கிடையாது, ஒரு பயலும் ஸ்டேட்டஸ் வைக்கக்கூடாது. தெருவே வாயைக் கட்டிக்கொண்டது.

ஆனால் இப்போதெல்லாம் கப்பலிலும் வாட்ஸப் இருக்கிறதே. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மரியசெல்வியின் போனில் "அம்மா, சாப்டியா?" என்று வந்து விழுந்தது. நான் என்ன செய்வேன்? அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சாப்ட்டேன் மக்கா. தொண்டை கட்டிட்டு, பேச முடியல" என்று அடித்து அனுப்பினேன். அதிலிருந்து தினமும் அவளாக இருந்து பதில் போட்டேன். சாளை மீன் விலை சொன்னேன். "உங்கப்பா மாத்திர போட மாட்டேங்காரு" என்று என்னைப் பற்றி நானே கோள் சொன்னேன். அப்படி எழுதும்போதுதான் அவள் திட்டியதெல்லாம் எவ்வளவு நியாயம் என்று உறைத்தது. அவளிடம் அதைச் சொல்ல முடியவில்லையே என்று அழுதேன்.

அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. அதுவரை இந்தப் பொய்யை இழுக்க என்னால் ஆகாது. எண்ணெய் நிரப்பக் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும், நாலு மணி நேரம் கரைக்கு விடுவார்கள் என்று வளன் சொன்னதும் டிக்கெட் எடுத்துவிட்டேன். "சும்மா ஊர் பாக்க வாரேம்லே" என்றேன். ஆட்டோவுக்குக் காசு கொடுக்கவே மூக்கால் அழுகிற மனுஷன் சிங்கப்பூருக்கு எதற்கு வருகிறான் என்று அவன் கேட்கவில்லை.

மேல்தட்டில் படுத்து இரண்டு நாளாக ஒத்திகை பார்த்தேன். வந்ததும் "அம்மா எப்படி இருக்கா?" என்று கேட்பான். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

கப்பலிலிருந்து ஆள் ஏற்றி வந்த படகில் வளன் வந்து இறங்கினான். கட்டிப்பிடித்தான். அம்மாவைக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். மேசையில் டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர், அத்தனை கூட்டம். சுஜிதா பிள்ளைகளைக் கேட்டான். பனிமய மாதா கோயில் திருவிழாவைக் கேட்டான். ஒழுகுகிற அடுக்களைக் கூரையைக் கூடக் கேட்டான். மணி பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. இரண்டு மணிக்குப் படகு. பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கிறானா பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலே, ஒங்கம்மயப் பத்தி ஒரு வார்த்த கேட்டியாலே?"

கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா என்னைக்குப்பா டைப் அடிச்சா?"

மரியசெல்வி வந்ததை வாசிப்பாள், போனில் எழுத மட்டும் வராது. மைக்கை அழுத்திக்கொண்டு, கப்பல் வரைக்கும் கேட்க வேண்டும் என்பதுபோலக் கத்துவாள். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"மொத மெசேஜ்லயே தெரிஞ்சிட்டுப்பா. ஸ்டோர் ரூம்ல போய் இருந்து அழுதேன்."

"பொறவு ஏம்லே தெனமும் அனுப்புன?"

"பதில் வந்துதே."

"வளா, அம்மா..." என்று ஆரம்பித்தேன். சட்டென்று என் வாயைப் பொத்தினான். கையில் டீசல் வாடை.

"சொல்லாதீங்கப்பா. சொல்லிட்டா நீங்க எழுத மாட்டீங்க. இன்னும் நாலு மாசம் நான் அங்கன கெடக்கணும். எறங்குத அன்னைக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் அனுப்புங்கப்பா."

இரண்டு பேரும் அழுதோம். எங்கள் மேசை எப்போது காலியாகும் என்று தட்டோடு ஒரு பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எழுந்து இடத்தைக் கொடுத்தோம்.

இரண்டு மணிப் படகில் அவன் போய்விட்டான். சொல்ல வந்ததைச் சொல்லாமலே நான் விடுதிக்குத் திரும்பினேன். பகல் நேரம், அறையில் ஒருவரும் இல்லை. ஏணியில் பாதி ஏறும்போது வைஃபை பிடித்து, சட்டைப்பையில் மரியசெல்வியின் போன் சத்தம் போட்டது.

"அம்மா, அப்பாவப் பாத்தேன். ரொம்ப மெலிஞ்சிட்டாரு. நேரத்துக்குச் சோறு போடும்மா."

மேலே ஏறி உட்கார்ந்து அவள் கண்ணாடியை மாட்டினேன். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. துடைத்துவிட்டு மறுபடி மாட்டினேன்.

"போடுதேன் மக்கா" என்று அடித்து அனுப்பினேன்.