ரயிலோரப் பூங்காவுக்கு நான்கு சொற்கள்

டொக், டொக், டொக் என்று காவல் கொட்டகையின் மூங்கில் மணி விடாமல் அடித்தது. திருடன் வந்தாலோ தீப்பிடித்தாலோ மட்டும்தான் அதை அப்படி அடிப்பார்கள். லஸ்த்ரி வாணலியில் பொரிந்துகொண்டிருந்த தெம்பே சோயாத் துண்டுகளை அப்படியே இறக்கிவைத்துவிட்டுச் சந்துமுனைக்கு ஓடினாள்.

“தீயா? திருடனா?”

“ரெண்டையும்விட மோசம்!” மணியடிக்கும் கட்டையை இன்னும் கீழே வைக்காமல் மூச்சிரைத்தார் இபு முர்சினி. அந்தச் சந்துக்கு அவர்தான் தலைவி; எல்லோருக்கும் ‘இபு’, அதாவது அம்மா. “வியாழக்கிழமை பூங்காவைப் பார்க்க வரவேண்டிய நடுவர் இன்னிக்கே வர்றாராம். ரெண்டு மணிக்கு! படிவம் இன்னும் வெத்தா கிடக்கு!”

சுரபாயாவில் அந்த வருடம் நாற்பது சந்துப் பூங்காக்களை மட்டும் வைத்துக்கொள்வதாக நகராட்சி முடிவு செய்திருந்தது. பட்டியலில் இடம் கிடைக்காவிட்டால், தண்டவாளத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில் எண்பது அடி நீளத்துக்குக் கிடந்த இவர்கள் பூங்கா, பின்னால் எழும்பும் புதுக் கடைவளாகத்துக்கு மோட்டார்பைக் நிறுத்துமிடமாகிவிடும். படிவத்தில் ஒரே கேள்விதான்: உங்கள் பூங்காவை நான்கு சொற்களில் வருணியுங்கள்.

“நீதான் வீட்டு விளம்பரமெல்லாம் எழுதினவளாச்சே. எழில்மிகு, பசுமையான, அமைதியான, குளுகுளு. ஒரு நிமிஷ வேலை” என்று படிவத்தை அவள் கையில் திணித்தார் முர்சினி. “பசுமைக்கு ஏற்பாடு பண்ணிட்டேன். பக்கத்துச் சந்திலேருந்து அறுபது பூந்தொட்டி இரவல் வருது.”

ஆறு வருடம் ஒரு வீட்டுமனை நிறுவனத்துக்கு லஸ்த்ரி எழுதிய சொற்கள்தாம் இவை. ஒருநாள் வயதான தம்பதி விளம்பரத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். “நிழல் சூழ்ந்த பூங்கான்னு போட்டிருக்கே, அது எந்தப் பக்கம்மா?” என்று அந்த அம்மாள் கேட்டார். அங்கே இருந்தது குச்சியில் கட்டிய இரண்டு பனங்கன்றுகள். அந்த வாரமே அவள் வேலையை விட்டாள். இனி கண்ணால் பார்க்காத சொல்லை எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

படிவத்தோடு பூங்காவுக்குப் போனாள். ‘குளுகுளு’ சரிதானா என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். சுட்ட வேகத்தில் எழுந்துவிட்டாள். அந்தச் சொல்லை அடித்தாள். ‘விசாலமான’ என்று யோசிக்கும்போதே எதிர் பெஞ்சில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவரின் முழங்கால் அவள் முழங்காலில் இடித்தது. ‘அமைதியான’ என்பதை அடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதற்குள் ரயில் வந்துவிட்டது.

பாக்ஸோ என்னும் இறைச்சி உருண்டைச் சூப் விற்கும் வண்டிக்காரர் பாக் குஸ்னான் எட்டிப் பார்த்தார். ஆண்களை மரியாதையாக ‘பாக்’ என்பது அங்கே வழக்கம், ‘ஐயா’ என்பதுபோல. “என்ன லஸ்த்ரி, எழுதறதைவிட அடிக்கறதுதான் அதிகமா இருக்கு?”

“இந்த பெஞ்சு எதுல செஞ்சது, பாக்?”

“என் பழைய வீட்டுக் கதவு. அந்தப் பக்கத்துது முர்சினி வீட்டுக் கட்டில். ஏன், உளுத்துப்போச்சா?”

“இல்ல. ஒரு சொல்லு கிடைச்சுது.”

நண்பகல் தொழுகை முடிந்ததும் சந்து முழுவதும் பாயில் கூடியது. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. கடைசி ஆள் தலையாட்டும்வரை எந்தக் காகிதமும் வெளியே போகாது. முர்சினி படிவத்தை வாங்கி உரக்க வாசித்தார்.

“ஒடுக்கமான. இரைச்சலான. ஒட்டுப்போட்ட. காலியாகாத.” கண்ணாடியைக் கழற்றினார். “பூங்காவைக் காப்பாத்தச் சொன்னா சமாதி கட்டியிருக்கியே!”

பாயில் சிரிப்பு பரவியது. லஸ்த்ரி சிரிக்கவில்லை.

“இதுல எது பொய்னு சொல்லுங்க, இபு. இப்பவே அடிச்சிடறேன்.”

“பொய் உண்மைன்னு இல்லடி. மத்த சந்துக்காரங்க எல்லாம்…”

சரக்கு ரயில் வந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். ரயில் வந்தால் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது அந்தச் சந்தில் குழந்தைகளுக்கும் பழகிப்போன விஷயம்.

“…அழகழகா எழுதுவாங்க. நாம மட்டும் இளைச்சவங்களா?”

“தொட்டி நாளைக்குத் திரும்பிப் போயிடும். அதோட ‘பசுமையான’வும் போயிடும். அப்புறம் அவர் மறுபடி வந்து பார்த்தா? இந்த நாலும் போகாது இபு. ஒடுக்கம்தான், ஆனா காலியாகறதே இல்ல. அவர் ரெண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.”

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். முர்சினி படிவத்தை இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார். பொய் ஒன்றும் சிக்கவில்லை.

“சரி, போகட்டும். தொட்டிகளைத் திருப்பி அனுப்புங்க. ஆனா ஒண்ணு, யார் எழுதினதுன்னு அவர் கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன். எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“சொல்லுங்க” என்றாள் லஸ்த்ரி.

நடுவர் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை, கையில் அட்டை. உட்கார இடம் கிடைக்கவில்லை. சதுரங்கக்காரர்கள் ஆட்டத்தை விட்டு எழுவதாக இல்லை, இரண்டு பெண்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றுகொண்டே படிவத்தைப் படித்தார். புருவம் ஏறியது. மறுபடி படித்தார்.

“இன்னிக்கு இது பதினோராவது பூங்கா. பத்துலயும் ‘எழில்மிகு’. இங்க மட்டும் ‘இரைச்சலான’.” குரலில் கோபமா வியப்பா என்று தெரியவில்லை. “என்ன, விளையாட்டா? யார் எழுதினது இதை?”

பாக் குஸ்னானின் கரண்டி பாத்திரத்துக்குள் அப்படியே நின்றது. லஸ்த்ரி ஓரடி முன்னால் எடுத்து வைத்தாள். அதற்குள் முர்சினி அவளுக்கு முன்னால் வந்து நின்றார்.

“அதை எழுதினது…”

நீண்ட எண்ணெய் ரயில். முர்சினி வாயை மூடிக்கொண்டார், சந்தே வாயை மூடிக்கொண்டது. வழக்கம் தெரியாத நடுவர் மட்டும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. லஸ்த்ரி பெட்டிகளை எண்ணத் தொடங்கி, இருபத்தெட்டில் விட்டுவிட்டாள். கடைசிப் பெட்டி போனதும் முர்சினி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“…நான்தான், பாக். இந்த நாலுல எது பொய்னு சொல்லுங்க, இப்பவே அடிச்சிடறேன்.”