பிரான்ஸ் கொடுத்த கப்பல்

சலூன் மருதை தர்மராஜாவின் தலையில் பாதியை வழித்து முடித்திருந்தபோது, சாலிஹ் முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்துக்குள் ஓடிவந்தார்.

"தம்பி, நிப்பாட்டுங்க! லண்டன்ல இருந்து கோல். ஒங்க நானா சபாரத்தினம் நாளைக்குக் காலைல வந்து எறங்குறாராம். அவர் வந்துதான் கொள்ளி வைக்கணுமாம். இன்னைக்கு பின்னேரம் எடுக்க வேணாமாம்."

மருதை கத்தியை நிறுத்தினார். "வழிச்சத இனி ஒட்டவாங்க முடியும்?"

மாத்தளையில் அந்த வரிசையில் தொலைபேசி இருந்தது சாலிஹின் கிராம்புக் கடையில் மட்டுந்தான். காலையில் தர்மராஜாவின் அப்பா விஜயரத்தினம் மாஸ்டர் கண்ணை மூடியதிலிருந்து சாலிஹ் வியாபாரத்தை விட்டுவிட்டுத் தூதராகிவிட்டார். டொரண்டோவிலிருந்து அத்தை தவமணிதேவியும் இரண்டு தடவை பேசியாயிற்று. தகப்பனுக்கு மூத்தவன்தான், சின்னவனுக்கு என்ன அவசரம் என்று. அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு. யாழ்ப்பாணத்துச் சொந்தங்களுக்கு யுத்தத்தால் பாதை மூடிக் கிடந்தது. ஆக, அண்ணன் சபாரத்தினத்துக்கு இரண்டு நாடுகளின் ஆதரவு. தர்மராஜாவின் பக்கம் ஒரு சவரக்கத்தி.

மாஸ்டர் இருந்திருந்தால் ரசித்திருப்பார். முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்தவர். அதிலும் பதினைந்தாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சிம்மாசனச் சண்டை என்றால் சோறு வேண்டாம். உரிமை கொண்டாடியவர்கள் எல்லாம் கடல் கடந்துதான் ஆள் பிடித்தார்கள். ஹென்றி டியூடருக்கு பிரான்ஸ் கப்பலும் படையும் கொடுத்தது. அவன் முடி சூடிய பிறகு, செத்ததாக ஊர் நம்பிய இளவரசன் நானே என்று ஒருவன் கிளம்பினான். பர்கண்டிச் சீமாட்டி 'இவன் என் அண்ணன் மகன்தான்' என்று சாட்சி சொன்னாள்.

இதையெல்லாம் சின்ன வயதில் சபாவைப் படிப்பறை மேசையில் உட்காரவைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். தர்மராஜா ஒரே ஒரு வருடத்தைப் பிழையாகச் சொன்னான். "நீ போய் கோழிக்குத் தீனி போடு" என்றார். போட்டான். பிற்காலத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காகி, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கும் மூன்று வருடம் அவனேதான் ஊட்டினான்.

இன்று விடிந்ததும் கஞ்சி ஊட்டும்போது, அப்பா மங்கிய கண்களைத் திறந்தார்.

"சபா, வந்துட்டியா?"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஆமாப்பா," என்றான் தர்மராஜா.

"ஹென்றிக்குக் கப்பல் குடுத்தது யாரு?"

"பிரான்ஸ்."

கோழிக்கூடு அந்தப் படிப்பறை ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது.

"நீதான்டா என் புள்ள."

அதற்குப் பிறகு கஞ்சி உள்ளே இறங்கவில்லை.

"மிச்சத்தையும் வழிங்க, மருதை அண்ணே," என்றான் தர்மராஜா.

மறுநாள் சபா கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ஐந்து சோதனைச்சாவடி கடந்து வேனில் வந்து இறங்கினான். பெட்டியின் மேல் விழுந்து கதறினான். அழுகையிலும் அண்ணன் முதல் வகுப்பு. சனம் எல்லாம் கண்ணைத் துடைத்தது. நேற்று முழுவதும் சுவரைப் பார்த்துக் கிடந்த அம்மா சுசீலாதேவி எழுந்து வந்து, மூத்தவனைக் கட்டிக்கொண்டாள்.

சபாவுக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. தர்மராஜாதான் கட்டிவிட்டான்.

"தம்பி, அப்பா கடைசியா என்னயக் கேட்டாராடா?"

தர்மராஜா முடிச்சை இழுத்து இறுக்கினான். "ஒரு கேள்வி கேட்டாரு. நான் சரியாச் சொல்லிட்டேன்."

"ஒன்கிட்டயா? சரித்திரமா?"

தர்மராஜா வேட்டி நுனியைச் செருகிவிட்டு நிமிர்ந்தான். சபா அவனுடைய மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மருதையின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

சுடலையில் சபா புறங்கையால் கொள்ளி வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் தோளைப் பிடித்து அவனை வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனார்கள். சனமும் பின்னாலேயே போயிற்று.

தர்மராஜாவை யாரும் பிடிக்கவில்லை. அவன் சிதையை நேராகப் பார்த்தபடி நின்றான். தீ கால்மாட்டிலிருந்து ஊர்ந்து முகத்துக்கு வரும்வரை, அவசரமே இல்லாமல், பார்த்துக்கொண்டே நின்றான்.