மஞ்சள் சிலிண்டர்

"பாருங்களேன், என்ன ஒரு களை! தூங்குற மாதிரியே இருக்காரு" என்று சவப்பெட்டியின் மேல் குனிந்தாள் ட்ரூடி. பக்கத்து வீட்டுக்காரி. ஊரில் எந்தச் சாவென்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பவள். "கன்னத்துக்கு ரோஸ் போட்டிருக்கீங்க போல. ரொம்ப அளவா இருக்கு, மிஸ்டர் ஹேய்ன்ஸ்."

அடக்க ஏற்பாடுகளைப் பார்க்கும் ஹேய்ன்ஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் ஒண்ணுமே பூசலைம்மா. வரும்போதே இப்படித்தான் இருந்தாரு."

லொரேன் அப்பா வெண்டலின் முகத்தைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் கடல் வெயிலில் வெந்து பழுத்த முகம். அதில் இப்போது பச்சைக் குழந்தையின் இளஞ்சிவப்பு. காது மடலில், நகக்கண்ணில்கூட.

இந்த நிறத்தை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள். சாத்திய படகறைக்குள் ஜெனரேட்டர் புகையைச் சுவாசித்துத் தூக்கத்திலேயே செத்துப்போன ஒரு கணவன் மனைவியைக் கரைக்கு இழுத்து வந்தது அப்பாதான். "புகை குடிச்ச பொணம் செவந்து கெடக்கும்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

ஆனால் அப்பாவுக்கு மாரடைப்பு என்றல்லவா டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்? எழுபது தாண்டியவர், ஏற்கெனவே இதய நோயாளி. புதுப் படகின் வெள்ளோட்டத்தில், முதுகில் மூச்சுக்காற்றுச் சிலிண்டரோடு பவளப்பாறையில் முங்கிவிட்டு ஏறி வந்தவர், தலை வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார், தளத்திலேயே சாய்ந்துவிட்டார். கூட இருந்தது லொரேனின் கணவன் டரல் மட்டும்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

படகு டரலுடையது. இரட்டை அடிப்பாகம் கொண்ட பெரிய மோட்டார் கேட்டமரான். நாள்கணக்கில் கடலிலேயே தங்கி முங்க வரும் பணக்காரர்களுக்காக அதை இழைத்து இழைத்துச் சிங்காரித்தான். சிலிண்டர்களை நிறுத்தி வைக்க வரிசையாகச் சட்டங்கள், முங்கும் உடையை அலசத் தொட்டி, ஏசி அறைகள், மேல்தளத்தில் பால் வெள்ளை மெத்தைகள். சிலிண்டரில் காற்றடைக்கும் கம்ப்ரஸரைப் பின்பக்க மூலையில் வைத்தான். அது காற்றை இழுக்கும் குழாயையாவது கூரைக்கு மேலே கொண்டுபோ என்று அப்பா தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினார்.

"ஜெனரேட்டர் புகை போற வாய்கிட்டயே குழாய வெச்சிருக்கியே, மண்டையில என்னடா இருக்கு? அந்தப் புகையத்தான் சிலிண்டர்ல அடைச்சுக் குடுக்கப் போற."

"மேல ஏத்துனா மெத்தைக்குப் பின்னாடி தெரியும், வெண்டல். வர்றவங்க போட்டோ எடுக்குற இடம் அது. அசிங்கமா இருக்கும்."

அந்தப் பேச்சு முழுவதும் லொரேனுக்கு இப்போது வார்த்தை மாறாமல் ஞாபகம் வந்தது. கல்லறையில் பாதிரியார் ஜெபம் சொன்னபோது டரல் அவள் தோளைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மாதாகோவில் கூடத்தில் சாப்பாடு. யாரோ அவள் கையில் ஒரு தட்டைத் திணித்தார்கள். பன்றித் தொடைக்கறித் துண்டுகள், ஈரப் பளபளப்போடு, அதே இளஞ்சிவப்பில். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டாள்.

"டரல் எங்க?"

"படகுக்குப் போயிட்டான்மா" என்றாள் ட்ரூடி, வாய் நிறைய உருளைக்கிழங்கோடு. "வெள்ளிக்கிழமை முதல் கஸ்டமருங்க வர்றாங்களாமே. பாவம், துக்கத்த வேலையில மறக்கப் பாக்குறான்."

படகுத்துறைப் பலகையில் கால் வைத்ததுமே சத்தம் கேட்டது. புஸ்ஸென்று ஓயாத சீறல். புதுச் சிலிண்டர்கள் எல்லாம் வால்வு திறந்து கிடந்து காற்றைக் கக்கிக்கொண்டிருந்தன. பழைய லாரிக்குப் பின்னால் நிற்பதுபோல எண்ணெய்ப் பிசுக்கு நாற்றம். டரல் கோட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு, சாவுக்குப் போட்ட கறுப்புக் கால்சட்டையோடு ஏணியில் நின்றிருந்தான். குழாயை இறுக்கும் பிளாஸ்டிக் கட்டுகளைப் பல்லில் கவ்வியிருந்தான். கம்ப்ரஸரின் வெள்ளைக் குழாய் இப்போது கூரைவரை ஏறியிருந்தது.

"என்ன பண்ற?"

"சும்மா... பழைய காத்த வெளிய விடுறேன்."

"போன வாரம் அடைச்ச காத்து அதுக்குள்ள பழசாயிடுச்சா?"

அவன் கட்டுகளை வாயிலிருந்து எடுத்தான். "குழாய் மேல போகணும்னு உங்கப்பா ஆசைப்பட்டாருல்ல? அவர் ஞாபகமா இருக்கட்டுமேன்னுதான்."

சொல்லும்போது கண்ணைக்கூடக் கசக்கிக்கொண்டான். இவனோடா இத்தனை வருடம் ஒரே தலையணையில் படுத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

"டாக்டரே ஹார்ட்டுன்னு சொல்லிட்டாரு. இப்போ கிளறுனா போனவரு வரப்போறாரா? நம்ம வீடே இந்தப் படகு மேலதான் நிக்குது, லொரேன். கொஞ்சம் யோசி."

வரிசையின் கடைசியில் அப்பாவின் மஞ்சள் சிலிண்டர் நின்றது. நசுங்கிய பழைய இரும்பு. பளபளக்கும் புதுசுகளை அவர் கடைசிவரை தொடவில்லை. அன்று முதுகில் கட்டிக்கொண்டு இறங்கியதும் இதைத்தான். அதற்கும் டரல்தான் இந்தக் கம்ப்ரஸரில் காற்றடைத்துக் கொடுத்திருந்தான். அது மட்டும் இன்னும் சீறவில்லை. டரல் ஏணியிலிருந்து இறங்கி அதன் வால்வில் கை வைத்தான்.

"அத விடு."

"பாதிகூட இல்ல இதுல. தூக்கிப் போட வேண்டியதுதான்..."

"கைய எடுன்னேன்!"

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு, பிடித்த இடத்தைப் பாவாடையில் துடைத்தாள். சிலிண்டரை இரண்டு கையாலும் மார்போடு தூக்கிக்கொண்டு இறங்கினாள். செருப்பின் குதி பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இரண்டையும் அங்கேயே கழற்றிவிட்டு நடந்தாள். பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"லொரேன்!" பின்னாலிருந்து டரல் குரலை அடக்கிக் கூப்பிட்டான். "எல்லாரும் பாக்குறாங்க. அசிங்கமா இருக்கு."

அவள் திரும்பவில்லை. காரின் முன் இருக்கையில் சிலிண்டரை நிமிர்த்தி வைத்தாள். வால்வு இறுக மூடியிருக்கிறதா என்று விரலால் திருகிப் பார்த்துக்கொண்டாள். ஷெரிஃபின் போலீஸ் அலுவலகம் நான்கு தெரு தள்ளித்தான்.

வண்டி நகர்ந்ததும் கீங் கீங் என்று கத்த ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று சொல்லியது. அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். எட்டி பெல்ட்டை இழுத்து, மஞ்சள் சிலிண்டரின் குறுக்கே போட்டு மாட்டினாள்.

சத்தம் நின்றது.