மடுவுக்குப் போன முகம்

பள்ளிமுனை அருளம்மாவின் அடையாள அட்டையிலிருந்த முகம் ஆவணித் திருநாளுக்காக மடு மாதா கோயிலுக்கு நடந்து போய்விட்டது. அட்டையில் பெயரும் இலக்கமும் இருந்தன. படம் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறச் சதுரம். இதில் அருளம்மாவின் குற்றமும் உண்டு. கால்நடையாக வருவேன் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர், முழங்கால் நோவைச் சாட்டி மூன்று வருடம் இழுத்தடித்தார். போதாததற்கு, ஊரார் எல்லோரையும் போல அடையாள அட்டையையும் மாதா படத்தையும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் முதுகோடு முதுகாக வைத்திருந்தார். முகமும் எத்தனை நாள்தான் பொறுக்கும்.

அந்த முறை வாக்களிப்பும் திருநாள் கிழமையிலேயே வந்தது. அருளம்மா வெற்று அட்டையோடு தயங்கி நின்றபோது, தெரியாது என்று வாழ்நாளில் சொல்லியிராத ஐஸ் வியாபாரி லோறன்ஸ், "வாக்காளர் அட்டை இருந்தாக் காணும் அக்கா, உள்ள போங்கோ" என்றார். காணாது. அரை மணி நேரம் வரிசையில் நின்று, மேசைவரை போய், அங்கே படமுள்ள அட்டையும் வேண்டும் என்றதில் அருளம்மா திரும்ப வேண்டியதாயிற்று. இடம்பெயர்ந்திருந்த காலத்திலும் வாக்கைத் தவறவிடாத மனுசி, வீடுவரை அழுதுகொண்டே போனார். முகம் இரண்டு நாள் கழித்து, நெற்றியில் செம்மண்ணோடு வந்து, ஒன்றும் நடக்காதது போல அட்டையில் அமர்ந்தது.

கிராம அலுவலர் சிவராணிக்கு இது பெரிய மனவருத்தம். "நேரத்தோட சரியான விபரம் சொல்லாதது என்ர பிழைதான் அம்மா" என்றார். அடுத்த தேர்தலும் ஆவணியில் வந்தபோது, பள்ளிமுனையில் பதினொரு முகங்களுக்கு மடுப் பழக்கம் பிடித்திருந்தது. சிவராணி ஒரு மாதம் முன்பே அறிவித்தல் ஒன்றை எழுதிக்கொண்டு வீடுவீடாகப் போனார். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் செல்லும். ஒன்றும் இல்லாதவர்கள் தற்காலிக அட்டைக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் அட்டை மட்டும் காணாது. இதை லோறன்ஸைக் கொண்டு நாலு தரம் வாசிப்பித்தார். பழைய அட்டையை நம்ப முடியாதென்று அருளம்மாவுக்குத் தற்காலிக அட்டை எடுத்துக் கொடுத்து, "மாதா படத்தோட சேத்து வைக்காதேங்கோ" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அருளம்மா ஓம் என்றார். வாக்களிப்புக்கு முதல்நாள் மாலை, அட்டை மாதா துணையில்லாமல் தனியே கிடக்கிறதே என்று மனம் கேளாமல், மாதா படத்தை அதே உறைக்குள் செருகினார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு அவர் மேசையில் நீட்டிய அட்டையில் சதுரம்தான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி டிலக்சனா கைநூலைப் புரட்டினார். இதற்கென்று ஒரு பக்கமும் இல்லை. "நாலு மணி வரைக்கும் அந்தக் கதிரையில இருங்கோ அம்மா" என்றார். இந்த முறையும் வாக்குப் போய்விட்டதே என்று அருளம்மா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வாசலில் லோறன்ஸின் குரல் கேட்டது. "வழி விடுங்கோ, முகங்கள் வருது."

வவுனியாவிலிருந்து வந்த பஸ்ஸில் பதினொன்றும் வந்து இறங்கியிருந்தன. சிவராணி மடுச் சந்தியிலும் அதே அறிவித்தலை, வாக்களிப்பு நேரத்தோடு, ஒட்டியிருந்தார். அவை நின்று வாசித்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. அருளம்மாவினது மூச்சிரைக்க அட்டையில் ஏறி அமர்ந்தது. டிலக்சனா அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நெற்றியிலும் செம்மண்.

"சரி, இவதான்" என்று பெயரைக் கோடிட்டார். அருளம்மா விரலில் மை பூசிக்கொண்டு, முழங்கால் நோவின்றி நடந்து போய் வாக்குப் போட்டார்.

இப்போதெல்லாம் தேர்தல் வந்தால் மடுச் சந்தியில்தான் முதல் அறிவித்தல் ஒட்டப்படுகிறது.