கூட்டம் வேண்டாத கரடு

ராசிங்காபுரத்துக்கு மேற்கே கனிமம் தேடிக் கரட்டுக் குன்றைத் துளைத்துப் பார்க்க ரிக் வண்டி வந்த அன்று, பாண்டியராஜ் ஆட்களோடு பாதையை மறித்து உட்கார்ந்துவிட்டான். அவர்களை எழுப்பியது அவன் மதினி சூர்யகலாதான். பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தவள். பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காததால், ஊருக்கு இன்னும் அவள்தான் பிரசிடென்ட்.

"இப்பப் பாறைய எடுத்துப் பாக்கத்தான் வந்திருக்காக. சுரங்கம்னா கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டுத்தான் ஆகணும். அங்க அத்தன பேரும் பேசுவோம். வீணா கேசு வாங்காதீக."

"போடுவாகளா மதினி?"

"சட்டம் தம்பி. நான் சொல்றேன்ல?"

எழுந்து வழிவிட்டார்கள்.

ரிக் வண்டி மழைக்காலம் வரை கரட்டிலேயே நின்றது. அடிவாரத்து ஊற்று முதலில் கலங்கியது, பிறகு வற்றியது. அதை நம்பிய கருப்பம்மாளின் மாந்தோப்பில் பூவெல்லாம் கருகிக் கொட்டியது. "கூட்டத்துல கேப்போம்" என்று அப்போதும் ஊர் பொறுத்துக்கொண்டது.

சுரங்கத்துக்குக் கரடு ஏலம் போய்விட்டதாகப் பஸ்சில் யாரோ பேசக் கேட்டு, சூர்யகலா கனிமவள அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"இது பேட்டரிக்கு வேண்டிய கனிமம்மா. நாட்டுக்கு அவசரம். இந்த வகைக்குக் கூட்டம் வேண்டாம்னு விதிய மாத்திட்டாங்க."

"அப்ப நாங்க யாருகிட்ட சொல்றது?"

"மனு எழுதிக் குடுங்க. மேல அனுப்புறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

ஊரைக் கூட்டி நடந்ததைச் சொன்னாள். யாரும் ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. கருப்பம்மாள் மட்டும், "ஒன் வார்த்தைக்குத்தான ஆத்தா வழிய விட்டோம்" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

சுரங்கப் பாதை போட ஜேசிபிகள் வந்த காலையில், சூர்யகலா தனியாகப் போய் அவற்றின் முன்னால் உட்கார்ந்தாள். வரப்பில் ஊரே நின்றது. வாருங்கள் என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. பெண் போலீசார் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கியபோது பாண்டியராஜ் முன்னே வந்தான். அவன் மனைவி அருணா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அன்னைக்கு எந்திரிக்கச் சொன்னது அவுகதான? இப்ப நமக்கென்ன சோலி?"

அவன் நின்றுவிட்டான்.

சாயங்காலம் போடி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அவளை விட்டார்கள். பஸ்சை விட்டு இறங்கியபோது கரட்டில் பாதி தூரத்துக்குச் செம்மண் பாதை ஏறியிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் கடந்து போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.